ஒலி மாற்றமும் குழு மாற்றமும்: சப்ரகமுவத் தோட்டப்புறத்தின் இரு இசைகள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஓர் இசைக் குழுவின் உறுப்பினர் மாறுவதும், அதனோடு அக்குழுவின் ஒலியும் மாறுவதும், அவ்விரு மாற்றங்களும் இசைத்தட்டிற் பதிவாகிச் சந்தைக்கு வருவதும் இருபதாம் நூற்றாண்டின் இசை வரலாற்றிற் பலமுறை நிகழ்ந்தவையாகும். 1965 இல் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டாரிசை விழாவிற் பொப் டிலன் மின் கிற்றாருடன் மேடையேறியமை இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. இத்தகைய மாற்றங்களைக் கலைஞரின் மேதைமையாலும் அவர்களுக்கிடையே எழும் மனத்தாங்கல்களாலும் விளக்குவது பத்திரிகை மரபு. அவ்விளக்கத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு குறிப்பிட்ட வர்க்கத்தைச் சார்ந்த இளைஞருக்கு மட்டும் அத்தகைய மாற்றம் ஏன் இயலுவதாயிற்று என்னும் வினாவுக்கு அது விடை தருவதில்லை.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் களம் இரத்தினபுரியும் அதனைச் சூழ்ந்த சப்ரகமுவத் தோட்டப்புறமுமாகும். 1966 இல் இப்பகுதியோடு தொடர்புற்று உருவான மூன்ஸ்டோன்ஸ் என்னும் இசைக் குழுவும், அதிலிருந்து பிரிந்து 1970 இல் அமைந்த கோல்டன் சைம்ஸ் என்னும் குழுவும் நவீன சிங்கள இசையின் போக்கைத் திருப்பியவை. அதே ஆண்டுகளில், அதே மலைச்சரிவுகளில், தோட்டத் தொழிலாளரின் தப்பு இசைக் குழுக்களும் உறுப்பினரை இழந்தன. அவற்றின் ஒலியும் மாறிற்று. முன்னைய மாற்றம் இசைத்தட்டிற் பதிவாயிற்று. பின்னைய மாற்றத்தைப் பதிவு செய்தவை கடவுச்சீட்டும் கப்பற் சீட்டுமே. இவ்விரு மாற்றங்களையும் ஒருசேர வைத்து நோக்கினாலன்றி இப்பிரதேசத்தின் இசை வரலாறு முழுமை பெறாது என்பதே நமது கருத்து.

1. ஊரும் தோட்டமும்

சப்ரகமுவ 1889 இல் தனி மாகாணமாக்கப்பட்டது. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்ட இம்மாகாணத்தின் பெருந்தோட்டங்கள் நுவரெலியாப் பகுதியிற் போன்று இடையறாத பெரும்பரப்பாக அமைந்தவையல்ல. சிங்களக் கிராமங்கள், நெல்வயல்கள், காடுகள் ஆகியவற்றுக்கு இடையே தேயிலையும் இறப்பரும் துண்டுதுண்டாகப் பரந்தன. எட்டியாந்தோட்டை, தெரணியகலை முதலிய கேகாலைப் பகுதிகளில் இறப்பர் முதன்மை பெற்றது; இரத்தினபுரி, பலாங்கொடை, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளிலே தேயிலையும் இறப்பரும் அருகருகே நின்றன. களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய இரயிற் பாதை 1912 இல் இரத்தினபுரியையும் 1919 இல் ஓப்பநாயக்கவையும் எட்டியமை, இவ்விளைபொருள்களைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லும் தேவையுடன் பிணைந்ததாகும்.

இந்தப் புவியியலுக்கு ஓர் அரசியற் பொருள் உண்டு. மத்திய மலைநாட்டிலே தமிழ்த் தொழிலாளர் தொகையாற் செறிந்து வாழ்ந்தனர். சப்ரகமுவவிலோ ஒவ்வொரு தோட்டத்தின் லயங்களும் கிராமங்களாற் சூழப்பட்ட தனித்தனித் தீவுகளாயிருந்தன. வாக்குரிமை பறிக்கப்பட்டபோதும், பின்னர் வன்செயல்கள் தோன்றியபோதும், இத்தனிமையே இம்மக்களின் முதற் பலவீனமாயிற்று.

மறுபுறம், இரத்தினபுரி நகரம் மாணிக்க வணிகத்தாலும் நீதிமன்றம், கச்சேரி, மிசனரிப் பாடசாலைகள், தோட்ட அலுவலகங்கள் ஆகியவற்றாலும் வளர்ந்த ஒரு மத்தியதர வர்க்கத்தைக் கொண்டிருந்தது. ஆங்கிலமும் சிங்களமும் அறிந்த இவ்வர்க்கத்து இளைஞர் வானொலியையும் கிராமபோனையும் வீட்டிலேயே கேட்கும் வாய்ப்புடையவர். தோட்டத்தின் உபரியில் ஒரு சிறு பகுதி இவ்வர்க்கத்தின் சம்பளமாகவும் ஓய்வாகவும் உருமாறியது. கிற்றார் பயில்வதற்கு வேண்டிய முதல் மூலப்பொருள் ஓய்வு நேரம் என்பது மனங்கொளத்தக்கது.

2. மூன்ஸ்டோன்ஸிலிருந்து கோல்டன் சைம்ஸ் வரை

கிளாரன்ஸ் விஜேவர்தன (1943-1996) மலைநாட்டுத் தோட்டச் சூழலில் வளர்ந்து, இரத்தினபுரிப் பகுதியிலே தோட்ட நிருவாகம் சார்ந்த பணியில் இருந்தவர். அனெஸ்லி மாலேவன இரத்தினபுரியைச் சேர்ந்தவர். இவ்விருவரின் சந்திப்பிலிருந்தே மூன்ஸ்டோன்ஸ் பிறந்தது. குழுவின் பெயரே ஊரை நினைவூட்டுவது. மூன்ஸ்டோன் எனப்படும் சந்திரகாந்தக்கல் இலங்கையின் புகழ்பெற்ற மணிகளுள் ஒன்று. பௌத்த விகாரைகளின் வாயிற்படியில் அமையும் அரைவட்டச் சிற்பக் கல்லுக்கும் அதுவே பெயர். மாணிக்க வணிகத்தையும் தேசியப் பண்பாட்டுச் சின்னத்தையும் ஒரே ஆங்கிலச் சொல்லில் இணைத்த இப்பெயர், அக்காலச் சிங்கள மத்தியதர வர்க்கத்தின் மனநிலையை நன்கு உணர்த்துகின்றது.

அவர்கள் நுழைந்த இசைக்களம் எத்தகையது? 1940களில் ஆனந்த சமரக்கோன், சுனில் சாந்த ஆகியோர் சிங்கள மெல்லிசைக்குத் தனி வடிவம் தர முயன்றனர். 1952 இல் இலங்கை வானொலி வட இந்திய இசையறிஞர் எஸ். என். ரத்தஞ்சங்கரை அழைத்துக் கலைஞரைத் தரப்படுத்த முற்பட்டபோது சுனில் சாந்த அதற்கு உடன்படாது விலகினார். அதன்பின் இந்துஸ்தானி இராகப் பயிற்சியே வானொலியின் உயர்தர அளவுகோலாயிற்று. இதற்குப் புறம்பே, மதுச்சாலையினதும் திருமண வீட்டினதும் இசையாகக் கருதப்பட்ட பைலா இருந்தது. ஒன்று சாஸ்திரியம், மற்றையது கேளிக்கை. இவ்விரண்டுக்கும் நடுவே, இராகப் பயிற்சியற்ற ஆயின் மரியாதையான ஓர் இசைக்கு இடமிருந்தது. 1956 இன் பின்னர் சுயமொழிக் கல்வியால் விரிவடைந்த இளைஞர் கூட்டம் அந்த இடத்தை நிரப்பும் ஒலியை எதிர்பார்த்து நின்றது.

மூன்ஸ்டோன்ஸின் தொடக்ககால ஒலி, கிற்றார்த் துணையுடன் இணைந்து பாடும் குரல்களின் ஒலி. கரீபியன் கலிப்சோப் பாணியைத் தழுவிய குழுக்கள் அக்காலத்திற் பல இருந்தன. நெவில் பெர்னாண்டோவின் லொஸ் கபலெரோஸ் அவற்றுள் ஒன்று. அப்பொதுப் பாணிக்குள் நின்றே, தம் சொந்த மெட்டுகளையும் எளிய சிங்களச் சொற்களையும் கொண்டு மூன்ஸ்டோன்ஸ் வேறுபட்டது. இலங்கை வானொலி அறிவிப்பாளர் வேர்ணன் கொரெயாவின் ஆதரவு இவர்களை நாடறியச் செய்தது. இந்திராணி பெரேராவின் குரல் இக்குழுவிற் சேர்ந்தமை உறுப்பினர் அமைப்பின் முதலாவது பெரிய மாற்றமெனலாம். நண்பரான இளைஞர் இருவரின் குழு, ஆண், பெண் குரல்கள் உரையாடும் குழுவாயிற்று.

இரண்டாவது மாற்றமே தீர்க்கமானது. 1970 இல் கிளாரன்ஸ் மூன்ஸ்டோன்ஸிலிருந்து விலகிக் கோல்டன் சைம்ஸை அமைத்தார். இக்குழுவின் இசைத்தட்டுகளில் மின் கிற்றார் பாட்டின் பின்னணியில் ஒதுங்கி நிற்கவில்லை. பாடலின் தொடக்கத்தில் அது தனக்கென ஓர் இசைத்தொடரை வாசித்துக் கேட்போரை அழைத்தது. சரணங்களுக்கிடையே பாடகனுக்குப் பதில் கூறியது. இக்குழுவின் பெயரோடு இணைத்து நினைக்கப்படும் கிமத சுமிஹிரியே என்னும் பாடலைக் கேட்போர் அதன் கிற்றார்த் தொடரையும் பாட்டின் உறுப்பாகவே நினைவிற் கொள்வர். வயலின், சிதார், தபேலா ஆகியன கொண்ட வானொலி வாத்தியக்குழு முன்னர் செய்த பணியைச் சில இளைஞரும் ஓர் ஒலிபெருக்கியும் செய்யத் தொடங்கினர். உற்பத்திச் சாதனம் மாறியது. அதனால் உற்பத்தியாளனும் மாறினான். நிலையக் கலைஞன் என்னும் அரச ஊழியனுக்குப் பதிலாகத் தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே வாசிக்கும் குழுக்கலைஞன் தோன்றினான்.

சில ஆண்டுகளின் பின் கிளாரன்ஸும் அனெஸ்லியும் சுப்பர் கோல்டன் சைம்ஸ் என்னும் பெயரில் மீண்டும் இணைந்தனர். பிரிவும் இணைவும் ஆகிய ஒவ்வொரு கட்டமும் ஒரு புதிய பெயரையும் புதிய இசைத்தட்டுகளையும் விட்டுச் சென்றது. இவர்களது வரலாற்றை நாம் இன்று எழுத முடிவதற்குக் காரணம் இதுவே.

3. இசைத்தட்டும் தேசிய முதலும்

இம்மாற்றத்தைத் தாங்கிய பொருளாதார வடிவத்தையும் நோக்குதல் வேண்டும். ஜெரல்ட் விக்கிரமசூரியவின் சூரியா என்னும் உள்ளூர் இசைத்தட்டு நிறுவனம் 1960களின் இறுதி தொட்டு இத்தகைய குழுக்களை முன்னெடுத்தது. அதன் முதன்மை வடிவம், நிமிடத்துக்கு 45 சுற்றுகள் சுழலும் ஏழங்குலச் சிறு தட்டாகும். நீண்ட தட்டின் விலை கொடுக்க இயலாத மாணவனும் எழுதுவினைஞனும் இதனை வாங்கலாம். அந்நியச் செலாவணி நெருக்கடியும் இறக்குமதிக் கட்டுப்பாடும் நிலவிய அவ்வாண்டுகளில் வெளிநாட்டுத் தட்டுகளின் வரவு குன்றியது; உள்ளூர்ச் சிறுமுதலுக்கு ஒரு பாதுகாக்கப்பட்ட சந்தை வாய்த்தது. மேலைத்தேய ஒலியைக் கொண்ட இவ்விசை, தேசியப் பொருளாதாரக் கொள்கையின் நிழலிலே வளர்ந்தது என்பது முரணாகத் தோன்றினும் உண்மையாகும்.

இதே தலைமுறையின் வேறொரு பகுதியினர் 1971 ஏப்ரலில் ஆயுதமேந்தினர். கேகாலை மாவட்டம் அக்கிளர்ச்சியின் முக்கிய களங்களுள் ஒன்று. சிங்களமொழிக் கல்வி பெற்று வேலையற்றிருந்த கிராமிய இளைஞரே அதன் முதுகெலும்பு. கிற்றார்க் குழுவையும் கிளர்ச்சியையும் ஒன்றென நாம் கூறவில்லை. ஆயின் இரண்டும் பழைய தலைமுறையின் அதிகாரத்தை ஏற்க மறுத்த ஒரே வயதினரின் வெளிப்பாடுகள். இரண்டிலும் தோட்டத் தொழிலாளிக்கு இடமிருக்கவில்லை என்பதே நமது ஆய்வுக்கு முக்கியமானது. புதிய பாடல்களின் உலகில் அவன் குரலாக நுழையவில்லை. கிளர்ச்சியாளரின் ஐந்து வகுப்புகளுள் ஒன்றோ இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. அது தொழிலாளியை ஓர் அந்நிய வல்லரசின் கருவியாகக் கண்டது. நாட்டின் அந்நியச் செலாவணியிற் பெரும்பங்கை ஈட்டிய வர்க்கம், அந்நாட்டின் இளைஞர் பண்பாட்டின் இரு கிளைகளிலும் புறத்தே நிறுத்தப்பட்டது.

4. லயத்தின் இசை

இனி மலைச்சரிவின் மறுபுறம் வருவோம். தோட்டத்தின் முதன்மை வாத்தியம் தப்பு. வட்டச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, தீயிற் காய்ச்சி, ஒரு தடித்த குச்சியாலும் ஒரு மெல்லிய நீண்ட குச்சியாலும் அடிக்கப்படும் இக்கருவி, தமிழகக் கிராமத்திலிருந்து தொழிலாளரோடு கடல் கடந்து வந்தது. சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, கலியாணத்துக்கு ஓர் அடி, மாசி மாதத்துக் காமன் கூத்துக்கு ஓர் அடி எனச் சந்தர்ப்பந்தோறும் தாளம் வேறுபடும். தூரத்து வரிசை லயத்தில் இருப்பவரும் அடியைக் கேட்டே செய்தியை அறிவர்.

தோட்ட முகாமை இக்கருவியைத் தன் தேவைக்கும் பயன்படுத்திக்கொண்டது. விடியற்காலை தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு அழைத்ததும் தப்பே. ஒரே கருவி அதிகாலையில் உழைப்பின் கட்டளையாகவும் இரவில் கூத்தின் மகிழ்ச்சியாகவும் ஒலித்தது. உழைப்பாளியின் கலைக்கருவியையே அவனது வேலைநேரத்தின் காவற்காரனாக்கிய இந்நிலை, பெருந்தோட்ட முறைமையின் இயல்பைத் தெளிவாகக் காட்டுகின்றது. கருவியை வாசித்தோர் சாதியமைப்பின் அடித்தட்டில் வைக்கப்பட்டோர் என்பதையும் மறைத்தலாகாது. தேயிலைத் தோட்டம் சாதியை அழித்துவிடவில்லை. லயங்களின் வரிசையிலும் கோயில் மரியாதையிலும் அது நிலைத்திருந்தது. சிலருக்குத் தப்பு பெருமைக்குரிய கலையாகவும், விடுதலை வேண்டிய வேறு சிலருக்குக் கைவிட வேண்டிய இழிவுச் சின்னமாகவும் தோன்றியமை இம்முரண்பாட்டின் விளைவேயாகும்.

இவ்விசையை அரசியலாக்க முயன்றோரும் உளர். கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மை மக்கள் அறிந்த மெட்டுகளிலே தொழிலாளர் நிலை பற்றிய பாடல்களை இயற்றித் தோட்டங்களிற் பாடினார்; இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை என்னும் அவரது பாடல் நூல் 1940 இல் வெளிவந்தது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983 இல் நூலாயிற்று. இவை பெறுதற்கரிய பணிகள். ஆயினும் அச்சிற் பதிவாவது சொல் மட்டுமே. அடியும் குரலும் காகிதத்தில் ஏறுவதில்லை.

தப்புக் குழு எழுத்தின்றி இயங்குவது. முன்னடிப்பவர் தாளத்தை மாற்ற, மற்றையோர் செவியாற் பின்தொடர்வர். தந்தையின் அருகில் நின்று மகன் கற்பான். காமன் கூத்திலும் பொன்னர் சங்கர் கதையிலும் பாட்டை முழுமையாக அறிந்த வாத்தியார் ஒருவரே ஒரு தோட்டத்தில் இருப்பதுண்டு. எனவே இங்கு ஓர் உறுப்பினரின் விலகல், ஒரு கிற்றார்க் கலைஞனின் விலகலைப் போன்றதன்று. அவரோடு ஒரு முழுப் பாடற்றொகுதியும் வெளியேறிவிடுகின்றது.

5. குழு கலைந்த விதம்

1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபர் 30 இல் ஒப்பமிடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்த எண்களைத் தப்புக் குழுவின் நோக்கில் வாசித்துப் பார்ப்போம். முன்னடிப்பவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு, பின்னடிப்பவருக்கு இலங்கைப் பதிவு. ரதி வேடம் புனைபவர் தலைமன்னாரிற் கப்பலேற, மதன் வேடம் புனைபவர் லயத்தில் எஞ்சுவார். குடும்பங்களைப் பிரித்த அதே கோடு குழுக்களையும் பிரித்தது.

1973, 1974 ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களிற் பட்டினியையும் சாவையும் விளைத்தது. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களின் உரிமையை மாற்றின. தொழிலாளிக்கு நிலத்தில் உரிமை தரவில்லை. 1977 ஓகஸ்ட் வன்செயல் சப்ரகமுவத் தோட்டங்களையும் தாக்கிற்று. பலர் வவுனியா முதலிய வடபகுதிகளுக்கு இடம்பெயர்ந்தனர். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகள் மீண்டும் பாதிக்கப்பட்டன. 1983 இன் பேரழிவு தொடர்ந்தது. 1984 இல் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பற் சேவை நின்றபோது கடலின் இரு கரைகளிலும் அரைகுறைக் குழுக்களே எஞ்சியிருந்தன. நீலகிரி, புனலூர், சுள்ளியா ஆகிய இடங்களின் தேயிலை, இறப்பர்க் குடியேற்றங்களில் ஒரு பாதி. சப்ரகமுவ லயங்களில் மறு பாதி. 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்கள் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கின. பிரிந்த குழுக்களை எச்சட்டமும் சேர்த்துவைக்கவில்லை.

முற்போக்கு வாசகர் இவ்விடத்து ஓர் உண்மையை நேர்கொள்ளல் வேண்டும். சப்ரகமுவ இடதுசாரிகளின் கோட்டைகளுள் ஒன்று. சூரியமல் இயக்கத்தினர் 1934-35 மலேரியா நோய்க் காலத்தில் நிவாரணப் பணி செய்தது கேகாலைப் பகுதியிலேயே. என். எம். பெரேரா 1936 இல் ருவன்வெல்லையிலிருந்தும், பின்னர் 1977 வரை எட்டியாந்தோட்டையிலிருந்தும் மக்கள் பிரதிநிதியாக இருந்தார். 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை உறுதியாக எதிர்த்த லங்கா சமசமாஜக் கட்சி, 1964 ஒப்பந்தம் கைச்சாத்தானபோது அரசாங்கத்தின் பங்காளியாயிருந்தது. தொழிலாளியின் வாக்கு பறிபோன தொகுதியில், வாக்குள்ளோரின் மனநிலைக்கு ஏற்பக் கொள்கை வளைந்தது. பண்பாட்டுத் துறையிலும் தோட்டத் தொழிலாளிக்கென நிலையான கலைக்குழுவோ ஒலிப்பதிவு முயற்சியோ அங்கு வேரூன்றவில்லை.

6. ஓர் ஒப்பீடு

வேறுவிதமாக நிகழ்ந்திருக்க முடியுமா? கேரளத்தின் தேவிகுளத்தில் 1958 இல் நடைபெற்ற இடைத்தேர்தலைக் கருதலாம். அங்கும் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர். அங்கும் இடதுசாரிக் கட்சி. கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாவலர் வரதராஜன் தோட்டந்தோறும் பாடினார். பாவலர் சகோதரர்களின் அக்குழுவிற் பயின்ற இளையவர் ஒருவரே 1976 இல் அன்னக்கிளி திரைப்படத்தின் வழியே தமிழ்த் திரையிசையின் ஒலியை மாற்றிய இளையராஜா. கிராமியத் தாளமும் மேலை வாத்தியமும் அங்கு ஒரே இசையமைப்பிற் சந்தித்தன. வாக்குரிமை இருந்ததாற் கட்சிக்குத் தொழிலாளியின் செவி வேண்டியிருந்தது. கட்சி மேடை பாடகனுக்குப் பயிற்சிக்களமாயிற்று. திரைத்தொழில் அடுத்த படியை அமைத்தது. சப்ரகமுவவில் இம்மூன்று படிகளில் முதலாவதே சட்டத்தால் அகற்றப்பட்டிருந்தது.

இலங்கையில் 1970களிற் செழித்த தமிழ்ப் பொப்பிசையும் இவ்விடைவெளியை நிரப்பவில்லை. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பாடல்கள் வானொலி வழியே லயங்களையும் எட்டின. ஆயினும் அவற்றின் பேச்சுமொழியும் நகைச்சுவையும் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் சார்ந்தவை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்பதே 1970களின் நடுப்பகுதிக்குப் பின்னர்தான் படிப்படியாக நிகழ்ந்தது. நாட்சம்பளத்தில் வாழ்ந்த இளைஞனுக்குக் கிற்றாரும் ஒலிப்பதிவுக் கூடமும் எட்டாதவை. அவன் இரு மொழிப் புதிய இசைகளுக்கும் செவியானான், எதற்கும் குரலாகவில்லை.

முடிவுரை

கிளாரன்ஸ் விஜேவர்தனவினதும் அவர்தம் தோழரினதும் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று. இராகப் பயிற்சியின் சான்றிதழின்றியும் ஒருவன் தன் காலத்தின் இசையை ஆக்கலாம் என்பதை அவர்கள் நிலைநாட்டினர். அது ஒரு சனநாயக வெற்றி. அவ்வெற்றி எந்த எல்லையில் நின்றது என்பதைக் காட்டுவதே இங்கு முயலப்பட்டது. கோல்டன் சைம்ஸின் தட்டில் ஒரு குழு தன் விருப்பினால் மாறியது கேட்கின்றது. தோட்டத்துத் தப்பிற் கேட்கும் இடைவெளியோ பிறர் எழுதிய ஒப்பந்தத்தால் நேர்ந்தது.

இதிலிருந்து நமக்கு ஒரு பணி விளைகின்றது. இரத்தினபுரி, கேகாலை லயங்களில் எஞ்சியுள்ள முதியோரின் அடிகளையும் கூத்துப் பாடல்களையும், வவுனியாவிலும் நீலகிரியிலும் புனலூரிலும் சுள்ளியாவிலும் வாழும் அவர்தம் உறவினர் நினைவிலுள்ளவற்றையும் ஒலியாகப் பதிவு செய்து ஒப்புநோக்குதல் வேண்டும். ஒரே தோட்டத்தின் கூத்தில் ஒரு பாதி இங்கும் மறு பாதி அங்கும் கிடைக்கலாம். இலங்கையிலும் தமிழகத்திலும் உள்ள பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் கூடிச் செய்யத்தக்க பணி இது. ஒப்பந்தம் கைச்சாத்தானபோது தப்புப் பயின்ற சிறுவர் இன்று எழுபது வயதைக் கடந்துவிட்டனர் என்பதையும் மனங்கொண்டே இப்பணியைத் தொடங்குதல் தகும்.